பெருமாளும் கோல்ப் பந்தும்

ஸ்ரீரங்கவாசிகளுக்குப் பிரியமான சேதி ஒன்று சொல்லப் போகிறோம். கோல்ப் என்னும் வெள்ளைக்காரர் விளையாட்டுக்கும் மஹாவிஷ்ணுவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டாம்! ஸ்காட்லாந்து தேசத்தில் ஸெயிண்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரைப் பட்டணம் இருக்கிறது. கோல்ப் ஆட்டக்காரர்களுக்குக் காசி, ராமேசுவரம் எல்லாம் அதுதான். 1840-களில் அவ்வூர்க் குடும்பம் ஒன்றுக்குக் கீழ்த்திசையிலிருந்து ஒரு விஷ்ணு விக்கிரகம் வந்து சேர்ந்ததென்றும், அது உடையாமலிருக்கச் சுற்றிலும் மலாய் நாட்டு மரமொன்றின் பிசின் துண்டுகளை அடைத்திருந்தார்களென்றும், வீட்டுப் பிள்ளை அந்தப் பிசினை வெந்நீரில் இளக்கிப் பந்தாக உருட்டினானென்றும் கதை சொல்லுகிறார்கள். கதைக்கு நாம் ஜவாப்தாரியல்ல. ஆனால் 1848-ஐ ஒட்டி அந்தக் கட்டாபெர்ச்சாப் பிசின் பந்து புழக்கத்துக்கு வந்தது சரித்திரம். அதற்கு முன்னால் தோலுறையில் அவித்த இறகுகளைத் திணித்துப் பந்து தைப்பார்கள். கைதேர்ந்த தொழிலாளியும் நாளொன்றுக்கு மூன்று நான்குக்கு மேல் செய்ய முடியாது. விலையோ ஏழைக்கு எட்டாது. பெருமாளுடைய அனுக்கிரகமோ என்னவோ, பிசின் பந்து வந்த பிறகு சாமானியனும் மட்டையைக் கையில் எடுத்தான்.

அவ்வூர் மைதானத்தை எந்த எஞ்சினீயரும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. கடலுக்கும் கழனிக்கும் நடுவே, உழவுக்கு உதவாமல் கிடந்த மணல் மேட்டு நிலம் அது. இப்படிப்பட்ட நிலத்துக்கு அவர்கள் பாஷையில் 'லிங்க்ஸ்' என்று பெயர். மேடு என்று பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் மணல் உறிஞ்சிவிடும். மரம் கிடையாது, காற்றுக்குக் குறைவு கிடையாது. குட்டைப் புல்லை ஆடும் முயலும் மேய்ந்து ஒழுங்குபடுத்தின. காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒண்டிய பள்ளங்களே இன்று ஆட்டக்காரர்களைத் திணற அடிக்கும் மணற்குழிகளாயின என்பார்கள்.

1457-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பார்லிமெண்டு, ஜனங்கள் வில்வித்தையை மறந்து போகிறார்களென்று இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. தடையை யார் லட்சியம் செய்தார்கள்? 1552-ல் அவ்வூர் ஆர்ச்பிஷப் ஹாமில்டன் எழுதிக் கொடுத்த சாஸனத்தில், மணல்வெளியில் ஆடவும் ஆடு மாடு மேய்க்கவும் நகரத்தாருக்குள்ள பாத்தியதை ஒப்புக்கொள்ளப்பட்டது. முயல் வளர்க்கும் உரிமையை மட்டும் ஆர்ச்பிஷப் தமக்கு வைத்துக்கொண்டார்.

அந்த முயல்தான் பிற்பாடு வினையாக முடிந்தது. 1797-ல் கடனில் மூழ்கிய நகரசபை, பொது நிலத்தை விற்றுவிட்டது. அது கைமாறி முயல் வியாபாரிகளிடம் போயிற்று. அவர்கள் விட்ட முயல்கள் மைதானம் முழுவதும் வளை தோண்டின. ஊரார் சும்மா இருக்கவில்லை. கைகலப்பு நடந்தது, கோர்ட்டு வழக்கும் இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. முயல்களைக் கொல்ல நகரத்தாருக்கு உரிமையுண்டென்று ஒரு கட்டத்தில் தீர்ப்புக்கூட வந்ததாம்! கடைசியில் 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலச்சுவான்தார் மைதானத்தை விலைக்கு வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894-ல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் நகரசபையே நிலத்தை மீட்டுக்கொண்டது. இன்றும் பழைய மைதானத்துக்குப் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் விடுமுறை. அன்று யார் வேண்டுமானாலும் குழந்தை குட்டிகளுடன் உலாவலாம்.

பெண்களுக்கென்று 1867-லேயே அங்கே ஒரு சங்கம் ஏற்பட்டது. மேடும் பள்ளமுமான அவர்களுடைய புல்தரைக்கு 'ஹிமாலயம்' என்று நாமகரணம்! பக்கத்திலேயே வீற்றிருக்கும் ஆண்களின் ராஜாங்கக் கிளப்போ, பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தது 2014-ல்தான்.

தம் ஊரில் பொதுவாக இருந்ததை வெள்ளைக்காரர் கப்பலேற்றிக் கொண்டுவந்தபோது வேலியும் கூடவே வந்தது. 1829-ல் கல்கத்தாவில் கிளப் ஸ்தாபித்தார்கள். உதகமண்டலத்துப் புல்வெளியிலும் கொடைக்கானலிலும் ஆடினார்கள். அந்நாளைய துரைமார் கிளப்புகள் அநேகவற்றில் நம்மவர் மட்டை சுமக்கும் கூலியாகத்தான் உள்ளே போகலாம். தென் ஆப்பிரிக்காவில் அப்படி மட்டை சுமந்து வளர்ந்த இந்திய வம்சத்தவர் பாப்வா சேவ்கோலும் என்பவர், 1963-ல் நேட்டால் பந்தயத்தில் வெள்ளைக்காரர்களை ஜயித்தார். நிறவெறிச் சட்டப்படி கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழையக் கூடாது. கொட்டும் மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார்.

நமக்குக் கோல்ப் வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. கொள்ளிடத்து மணலில் கிட்டிப்புள் ஆடிய ஊர்க்காரர்களுக்கு அது எதற்கு? ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கிடக்கும் அந்த மணல்வெளியும் பொதுச் சொத்துதான். கணக்கில் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். அந்த வார்த்தையையே நாம் வசவாக்கிவிட்டோம்! முயல் வளை தோண்டியதற்கு அவர்கள் இருபது வருஷம் கோர்ட்டு ஏறினார்கள். இங்கே வளை தோண்டியவை லாரிகள். 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தோடு போயின. ஸர் ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய அணை அது. அளவின்றி மணல் அள்ளியதும் ஒரு காரணமென்று அப்போது பலரும் சொன்னார்கள். மறுநாள் திருச்சியிலிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.