மாசி ஓட்டத்துக்கு மார்கழிப் பயிற்சி

மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலையில் முன்சிறைத் திருமலையிலிருந்து புறப்படும் அடியார்கள், மறுநாள் இரவு திருநட்டாலத்தைச் சென்று சேர்கிறார்கள். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு ஆகியவை இடையில் உள்ள தலங்கள். பன்னிரு சிவாலயங்களையும் சேர்த்தால் தொலைவு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். காவி அல்லது மஞ்சள் வேட்டி, கையில் பனையோலை விசிறி, வெறுங்கால், வாயில் 'கோவிந்தா, கோபாலா'. சிவனைக் காண ஓடுகிறவர்கள் திருமாலின் நாமத்தைச் சொல்லி ஓடுவது எங்கள் குமரி மாவட்டத்துக்கே உரிய வழக்கம்.

இப்பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் அன்பர் ஒருவர், சிவாலய ஓட்டத்துக்கு எப்போது பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பயிற்சி என்ற சொல்லே சிலருக்கு உறுத்தலாம். பத்மநாபபுரத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், "ஈசுவரன் ஓட வைப்பார், இதற்குப் பழக்கம் எதற்கு?" என்று ஆண்டுதோறும் என்னைக் கடிந்துகொள்வார். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் ஓட்டத்துக்கு முன் மாலையணிந்து, உணவைச் சுருக்கி விரதம் இருக்கச் சொன்ன நம் முன்னோர், உடலை ஆயத்தப்படுத்தாமல் இறைவன் முன் போய் நிற்கச் சொல்லவில்லையே. விரதம் சில நாட்களில் உள்ளத்தை ஒழுங்குபடுத்திவிடும். அறுபது வயதுக் கால்களுக்கு அவ்வளவு குறுகிய காலம் போதாது. மூன்று மாதமாவது வேண்டும். மாசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் கார்த்திகையின் பிற்பகுதியிலோ மார்கழியிலோ தொடங்கியாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். குமரி மாவட்டம் இரண்டு பருவமழைகளையும் பெறும் மண். வடகிழக்குப் பருவமழை ஓயும்போது குளங்கள் நிரம்பிக் கலங்கியிருக்கும். படித்துறைகளில் பாசி படர்ந்திருக்கும். வடநாட்டாருக்கு எங்கள் குளிர் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனாலும் விடியலுக்கு முன் போர்வையை விலக்குவதற்கு எங்களுக்கும் மனவுறுதி வேண்டியிருக்கிறது. மார்கழியில் ஒரு வசதியும் உண்டு. கோயில்கள் முன்னதாகவே நடை திறந்து திருப்பள்ளியெழுச்சி ஒலிக்கும் மாதம் அது. அந்தப் பாட்டு கேட்கும் நேரத்தில் தெருவில் இறங்கிவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்ததாகவே கொள்ளலாம். பழைய கோட்டை மதிலை ஒட்டி ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வந்து, நீலகண்ட சுவாமி கோயிலில் தொழுதுவிட்டு வீடு திரும்புவது என் வழக்கம்.

சிவாலய ஓட்டத்தை வெறும் ஓட்டமாக எண்ணிப் பழகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தலத்திலும் குளத்திலோ ஆற்றிலோ நீராடி, ஈர உடையுடன் தரிசித்து, அப்படியே அடுத்த தலத்துக்கு ஓட வேண்டும். திக்குறிச்சியில் தாமிரபரணி, திற்பரப்பில் கோதையாறு, கல்குளத்தில் திருக்குளம் என்று துறைதோறும் நீரின் குளிர்ச்சி வேறு, ஆழம் வேறு. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தை ஈர்த்துவிடும். வியர்வையுடன் நள்ளிரவில் திடீரெனக் குதித்தால் மூச்சு திணறும், நெஞ்சு படபடக்கும். தீர்த்தத்தைத் தொட்டு வணங்கி, தலையில் தெளித்து, பிறகு படிப்படியாக இறங்க வேண்டும் என்று பெரியோர் வகுத்த முறை பக்திக்கும் உகந்தது, உடலுக்கும் உகந்தது. சோர்ந்த கால்களோடு நீந்துவது புத்துணர்வோடு நீந்துவதைப் போன்றதன்று. ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது ஓடி முடித்த பிறகு நீந்திப் பழக வேண்டும். மழை வெறித்து நீர் தெளியும்வரை ஆழத்துக்குச் செல்லாமல் படித்துறை ஓரத்திலேயே, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நீந்தினால் போதும். தனியாக நீரில் இறங்கவே கூடாது.

ஈர வேட்டியுடன் ஓடுவதும் பழக வேண்டிய ஒன்று. தொடையிடுக்கில் துணி உரசி ஏற்படும் புண்ணால் பொன்மனையோடு நின்றுவிட்ட இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதும், துவர்த்தை இறுகப் பிழிந்து இடுப்பில் கட்டிக்கொள்வதும் அனுபவசாலிகள் காட்டும் வழி. வெறுங்காலுக்கும் பழக்கம் வேண்டும். இரவில் தார்ச்சாலை சுகமாகத்தான் இருக்கும். மறுநாள் நண்பகலில்தான் அதன் சுயரூபம் தெரியும்.

அடுத்தது பயணம். பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத் தை மாதம் பெரும்பாலும் பிள்ளைகளின் ஊரில் கழிகிறது. என் மகள் டில்லியில் இருக்கிறாள். கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் விரைவு வண்டியில் இரண்டு இரவுகள். அமர்ந்தே இருந்தால் கால் வீங்கும். வண்டி நீண்ட நேரம் நிற்கும் நிலையங்களில் இறங்கி நடைமேடையில் உலாவுவேன். அங்கே சேர்ந்த பிறகோ பனிமூட்டம், புகை, எலும்பைத் துளைக்கும் குளிர். திறந்தவெளி நீச்சல் குளங்களைக் குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். மூன்று வாரம் இப்படியே சென்றால் கார்த்திகையிலிருந்து சேர்த்த மூச்சு வலிமை கரையத் தொடங்கும் என்பது மெய்.

ஆனால் முழுவதும் கரைய விட வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வாரத்துக்கு ஆறு நாள் கடும் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். நாட்களை நான்காகவும் இரண்டாகவும் குறைத்த பின்பும் பயிற்சியின் கடுமையைத் தளர்த்தாதவர்கள், 15 வாரங்கள் வரை தங்கள் மூச்சுத் திறனைக் காத்துக்கொண்டார்கள். வங்கிக்காரனுக்கு இது எளிதில் விளங்கும்: புதிதாக வைப்பு சேர்க்க இயலாத மாதங்களில் முதலில் கைவைக்காமல் இருந்தால் போதும். எனவே டில்லியில் வாரம் இரண்டு நாள், புகை சற்று விலகிய முற்பகலில், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் என்னும் உத்தர சுவாமிமலைக்குச் சென்று, அன்பர்களுக்கு இடையூறின்றிப் படிகளில் விரைந்து ஏறி மெல்ல இறங்குவேன். முருகனின் தரிசனமும் ஆயிற்று, முழங்கால் மேட்டுக்குப் பழக்கமும் ஆயிற்று. திற்பரப்பை நோக்கிய ஏற்றங்களில் அதன் பயன் தெரியும். நீச்சலுக்கு அங்கே மாற்று கிடையாது. தோள்களைச் சுழற்றும் பயிற்சியும், வெதுவெதுப்பிலிருந்து சிறிது சிறிதாகக் குளிர்ந்த நீருக்கு மாறும் குளியலும் தோளையும் தோலையும் மறக்கவிடாமல் வைத்திருக்கும். ஊர் திரும்பியதும் எஞ்சிய வாரங்களில் குளம் பார்த்துக்கொள்ளும்.

ஜப்பானில் ஹியெய் மலையில் தெண்டாய் மரபுத் துறவியர் ஏழு ஆண்டுகளில் ஆயிரம் நாட்கள் மலையைச் சுற்றி நடந்து வழிபடும் நோன்பு ஒன்றை மேற்கொள்கிறார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு நூறு நாட்களே நடை; நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஆயிரத்தையும் ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லாத அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் தல வரலாறும் அதைத்தானே செய்கிறது? புருஷாமிருகத்திடம் பீமனை அனுப்பிய கண்ணன் அவனுக்குக் கூடுதல் வேகத்தைக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு ருத்திராட்சங்களைக் கொடுத்தான். துரத்தி வந்த புருஷாமிருகம் நெருங்கும்போதெல்லாம் பீமன் ஒன்றைக் கீழே வைப்பான். அங்கே சிவலிங்கம் தோன்றும். சிவபக்தனான புருஷாமிருகம் நின்று பூசை செய்வதற்குள் பீமன் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஓடுவான். 110 கிலோமீட்டரை எண்ணிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். திருநந்திக்கரையிலிருந்து பொன்மனை என்று எண்ணினால் கால் தானே நகரும்.

உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வழிநெடுக ஊரார் சுக்குநீரும் மோரும் கஞ்சியும் அன்போடு வழங்குகிறார்கள். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் நீரையே குடித்துக்கொண்டிராமல் உப்பிட்ட கஞ்சியையும் மோரையும் நாடுவது நல்லது. ஐம்பதைக் கடந்தவர்கள் மார்கழியில் தொடங்கும் முன்பே இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை. பெரியவர் கடிந்துகொண்டாலும் சரி.

இக்காலத்தில் வாகனங்களில் பன்னிரு தலங்களையும் தரிசிப்போர் மிகுதி. ஓடுகிறவர்கள் அவர்களைக் குறைவாக எண்ணுவது தவறு. முதியோரும் குழந்தைகளும் வேறெப்படி வர முடியும்? வாகனத்தில் வருவோரும் குளங்களில் நீராடுகிறார்கள். கூட்ட நெரிசலில், இருட்டில், பழக்கமில்லாத படித்துறைகளில் இறங்குகிறார்கள். ஆகவே ஓடப் பழகாவிட்டாலும், மாசிக்குள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். அதுவரை குழந்தைகளைப் படித்துறையிலேயே நிறுத்தி, செம்பில் மொண்டு தலையில் ஊற்றி அழைத்துச் செல்லலாம்.