எல்லைக்கல்லின் இரண்டு பக்கம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்தருள்க. என்னிடம் படித்தவர்கள் கட்டாயம் படியுங்கள். உங்களிடம் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு கிராமம். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஏயம்' என்றே பல வருடம் வகுப்பில் சொல்லிவந்தேன். நான் சொல்லவந்த தவறு அதுவல்ல.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து அந்த ஊர்த் தையல்காரர் வீட்டுக்கு ஒரு துணிக்கட்டு வந்தது. ஈரமாக இருந்த துணியை நெருப்பருகே காயவைத்த ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாட்களில் இறந்துபோனார். பிளேக் ஊருக்குள் வந்துவிட்டது. துணியில் இருந்த தெள்ளுப்பூச்சிதான் காரணம் என்பது இன்றைய விளக்கம். அந்தக் கிருமியையே 1894-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

1666 ஜூனில் பாதிரியார் வில்லியம் மாம்பெசன், நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவாதிருக்க யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்றார். புதிதாக வந்த அவரை ஊர் அவ்வளவாக நம்பவில்லை. அரசுத் திருச்சபையின் புதிய விதிகளுக்கு உடன்படாமல் பதவி இழந்த பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியின் துணையை நாடினார். கொள்கையில் எதிரெதிரான இருவரும் சேர்ந்து பேசியபின் ஊர் சம்மதித்தது. நோய் அடங்கும்வரை 14 மாதங்களில் இறந்தவர்கள் 260 பேர் அளவில். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார்.

இதைக் காலை வழிபாட்டிலும் வகுப்பிலும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். 'தியாகம் என்றால் இது' என்று முடிப்பேன். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், அத்தனை மாசமும் சாப்பாட்டுக்கு என்ன சார் பண்ணாங்க?" வகுப்பே சிரித்தது. "எப்பப் பாரு சோத்து நெனப்பு, உக்காருடா" என்றேன்.

போன வருடம் ஷெஃபீல்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஈமுக்கும் போனோம். புனித லாரன்ஸ் தேவாலயம், முற்றத்தில் ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழமையான கற்சிலுவை, மாம்பெசனின் மனைவி கேத்தரின் கல்லறை, யார் யார் இறந்தார்கள் என்று பலகை வைத்த வீடுகள் எல்லாம் பார்த்தோம். பிறகு மகள், "அப்பா, இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்று வயல்வழியே அழைத்துப்போனாள். ஈமுக்கும் ஸ்டோனி மிடில்டன் ஊருக்கும் நடுவே புல்வெளியில் ஒரு சாதாரணக் கல். மேலே ஆறு குழிகள்.

ஈம் மக்கள் அந்தக் குழிகளில் காடி ஊற்றி அதில் காசு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். காடி நோயை முறிக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. வெளியூர்க்காரர்கள் வந்து, ரொட்டியையும் மற்ற சாமான்களையும் வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். வடக்கே மாம்பெசன் பெயரால் வழங்கும் நீரூற்றிலும் இதே ஏற்பாடு. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபுவும் உணவு, மருந்து அனுப்பினார்.

அந்தக் கல்லருகே நின்றபோது கடைசி பெஞ்சுப் பையன்தான் நினைவுக்கு வந்தான். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தக் கல். எனக்கு அன்று அது தெரியாது. தெரியாது என்று சொல்லாமல் அவனை உட்காரவைத்தேன். அதுதான் நான் செய்த தவறு.

என் கருத்து இதுதான். ஈம் கதையைத் தியாகக் கதையாக மட்டும் சொல்வது பாதிக்கதை. வசதியுள்ளவர்கள் சிலர் முன்னமே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மாம்பெசனே தன் இரு பிள்ளைகளையும் வெளியே அனுப்பிய பிறகுதான் எல்லை அடைபட்டது. தகப்பன் மனசு, குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குள் அடைந்திருந்ததால்தான் சாவு கூடியது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. போக்கிடம் இல்லாத ஏழைகளே பெரும்பாலும் உள்ளே இருந்தார்கள். வெளியிலிருந்து ரொட்டி வராமல் போயிருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் எல்லையை மதிப்பாள்?

நோய் வந்த ஊர்க்காரன் தொட்ட காசை எடுக்க, எல்லையின் அந்தப் பக்கமும் நெஞ்சுரம் வேண்டும். அந்தக் கல்லில் யார் பெயரும் செதுக்கப்படவில்லை.

2020-ல் உலகமே கதவடைத்தபோது ஈமின் பெயர் மறுபடி அடிபட்டது. 'அவர்கள் இருந்தார்களே, நம்மால் முடியாதா' என்றார்கள். 'வீட்டிலேயே இரு' என்று சொல்கிறவருக்கு, அந்த வீட்டில் உலை கொதிக்கிறதா என்று பார்க்கும் கடமையும் உண்டு. இதைச் சேர்த்துச் சொல்லாமல் தியாகத்தை மட்டும் பிள்ளைகளுக்குப் போதித்தால், கஷ்டப்படுவது ஏழையின் வேலை, பாராட்டுவது நம் வேலை என்றுதான் கற்றுக்கொள்வார்கள்.

ஆசிரியராக இருப்பவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது, கல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசி பெஞ்சு மாணவன் இதைப் படித்தால், தம்பி, நீ கேட்டதுதான் சரியான கேள்வி. அன்று உன்னைச் சிரிப்புக்கு ஆளாக்கியதற்கு இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.