காத்திருந்து காணும் விஞ்ஞானம்

விஞ்ஞான விந்தைகளுக்கு இந்நாளிற் பஞ்சமில்லை. கைத்தொலைபேசியைத் திறந்த மாத்திரத்தே வானத்து விந்தையும் கடலடி விந்தையும் மாணாக்கர் கண்முன் வந்து நிற்கின்றன. அவற்றைக் கண்டு வியத்தல் குற்றமன்று. வியப்பே அறிவுக்கு வாயில். ஆயின், இக்கணம் வியந்து மறுகணம் மறந்துவிடும் பழக்கம் விஞ்ஞானப் பயிற்சி ஆகாதென்பது எனது துணிபு. இதனை விளக்குதற்கு, மிக மெதுவாக நடைபெறும் பரிசோதனைகள் இரண்டினை ஈண்டு எடுத்துக்காட்டுவேன்.

முதலாவது, அவுஸ்திரேலியாவிலுள்ள குயின்ஸ்லாந்துச் சர்வகலாசாலையில் நடைபெறுவது. கீல் என்னும் கரும்பொருளைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல நொறுங்கும். அத்தகைய பொருளும் ஒழுகும் இயல்பினதே என்பதைத் தம் மாணாக்கருக்குக் காட்ட விழைந்தார் பௌதிகப் பேராசிரியர் தோமஸ் பார்னல். 1927ஆம் ஆண்டில் அதனைச் சூடாக்கி, அடி மூடிய கண்ணாடிப் புனலில் வார்த்தார். மூன்றாண்டுகள் படியவிட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். முதற்றுளி விழுந்தது 1938இல். 2014 வரை விழுந்தவை ஒன்பது துளிகளே. நீரினும் ஏறக்குறைய 23,000 கோடி மடங்கு பிசுக்குமை உடையது கீல் என்பது இதனாற் கணிக்கப்பட்டது.

1961 முதல் இப்பரிசோதனையைப் பேணிய பேராசிரியர் ஜோன் மெயின்ஸ்டோன் ஒரு துளியேனும் விழுவதை நேரிற் கண்டாரல்லர். 1988இல் அவர் சிறிது நேரம் அப்பாற் சென்றிருந்தபோது ஒரு துளி விழுந்தது. 2000இல் படப்பிடிப்புக் கருவி பழுதுற்றமையால் அடுத்த துளியும் தப்பியது. 2013இல் அவர் காலமானார். ஒன்பதாந் துளி பிரிந்தது மறு ஆண்டில். ஆயினும் அவருழைப்பு வீணென்று கூற எவர் துணிவர்?

இரண்டாவது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தது. களை விதைகள் மண்ணுள் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பது கமக்காரருக்குப் பயன்படும் வினா. அதற்கு விடைகாண விரும்பிய தாவரவியற் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் பியல், 1879இல் இருபது போத்தல்களில் விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார். குறித்த காலங்களில் ஒவ்வொரு போத்தலாக அகழ்ந்து விதைகளை முளைக்கவிடுவதே முறை. பியல் 1924இல் மறைந்தார். புதைத்த இடம் காட்டும் வரைபடம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி வருகின்றது. 2021இல், 142 ஆண்டுகளின் பின் எடுத்த போத்தலிலும் சில விதைகள் முளைத்தன. இறுதிப் போத்தல் 2100இல் எடுக்கப்படும்.

இவற்றுக்கு வேண்டியவை யாவை? ஒரு புனல், சில போத்தல்கள், ஒரு குறிப்பேடு. அவற்றோடு, முன்னவர் தொடங்கியதைக் கைவிடாத பின்னவர். நம் பாடசாலைகளிலோ பரிசோதனை என்பது ஒரு பாடவேளைக்குள் முடிவது. அதன் விடை புத்தகத்தில் முன்னரே அச்சிடப்பட்டிருப்பது. ஆசிரியருக்கும் விடை தெரியாத வினா ஒன்றினைச் சந்தியாமலே நம் பிள்ளைகள் சோதனையிற் சித்தியெய்திச் செல்கின்றனர். இது பெருங்குறை.

இக்குறையை நீக்க, இவ்விழா ஆண்டிலே நம் கல்லூரி ஒரு நெடும் பரிசோதனையைத் தொடங்குதல் வேண்டும். வற்றாத ஆறு இல்லாத இக்குடாநாட்டிற்கு மாரி மழையும் சுண்ணக்கல்லிற் றங்கும் நிலத்தடி நீருமே ஆதாரம். ஆதலின், கல்லூரிக் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே வேளையில் அளந்து, பெய்த மழையோடு சேர்த்து எழுதி வருக. ஆண்டு முடிவில் ஒரு வகுப்பார் அக்குறிப்பேட்டை அடுத்த வகுப்பாரிடம் முறைப்படி ஒப்புவிக்க.

பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்பார் உளர். வாரத்திற் கால்மணி நேரம் போதும். பழைய மாணவர் சங்கம் மழைமானி ஒன்றும் உவர்ப்பை அளக்கும் கருவி ஒன்றும் வழங்கினால் வேறு செலவில்லை. நம் கிணற்று நீர் உவர்த்து வருகின்றதா என்ற வினாவுக்கு ஐம்பது ஆண்டுகளின் பின் இக்குறிப்பேடு விடை கூறும். முதற் பக்கத்தை எழுதும் மாணவனின் பேரப்பிள்ளை அதனைப் படிக்கட்டும்.