சவுரி முடி அட்டையில் உண்மையை எழுதச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஒன்றிய நுகர்வோர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



கடைகளிலும் இணையத்திலும் 'நூறு சதவீத மனித முடி, 12ஏ, பிரேசிலியன்' என்று அச்சிட்ட சவுரிகள் விற்பனையாகின்றன. 12ஏ என்ற தரத்தை எந்த அரசு அமைப்பும் வகுத்ததில்லை. விற்பவர் நினைத்தால் நாளைக்கே 15ஏ என்று போட்டுக்கொள்ளலாம். 'பிரேசிலியன்' என்பதும் பெரும்பாலும் வியாபாரப் பெயர்தான். உள்ளே இருப்பது பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டவரின் முடியாகவும் இருக்கலாம்.

அப்படி இருந்தால் நல்லதுதான். மொட்டை முடியைக் கட்டாகச் சேர்த்து வைப்பதால் வேர் ஒரு பக்கமும் நுனி ஒரு பக்கமும் நிற்கும். முடியின் மேலுள்ள செதில்கள் ஒரே திசையில் படிந்திருக்கும். இதைத்தான் 'ரெமி' என்கிறார்கள். சீப்பில் உதிர்ந்து, வீடு வீடாகச் சேகரிக்கப்படும் சிக்கு முடி அப்படியல்ல. வேரும் நுனியும் கலந்து கிடப்பதால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்யப் பலர் அமிலத்தில் ஊறவைத்துச் செதிலையே நீக்கி, மேலே சிலிக்கான் பூசுகிறார்கள். கடையில் பார்க்கும்போது பட்டாகப் பளபளக்கும். சில தடவை அலசியதும் பூச்சு போய், சடைசடையாகத் திரியும். திருப்பிக் கொண்டுபோனால், நீங்கள் போட்ட ஷாம்பு சரியில்லை என்பார்கள்!

சிக்கு முடியை விற்பதில் குற்றமில்லை. அதைச் சேகரித்தும் பிரித்தும் பிழைக்கும் ஏழைகள் ஏராளம். அதை ரெமி என்று சொல்லி, ரெமி விலைக்கு விற்பதுதான் மோசடி.

வாங்குபவரே சோதித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஓர் இழையைக் கொளுத்தினால் மனித முடி கருகிச் சாம்பலாகும், செயற்கை இழை உருகி உருண்டையாகும். அந்த அளவுக்குக் கண்டுபிடிக்கலாம். ஆனால் மொட்டை முடியும் சிக்கு முடியும் ஒரே மாதிரிதான் எரியும். கீமோ சிகிச்சையில் முடி இழந்து விக் வாங்க வருபவர் கடைக்காரரின் வார்த்தையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

முடிக்கு முடி வித்தியாசம் உண்டென்பது அரசுக்குத் தெரியாததல்ல. கிலோ 65 டாலருக்குக் குறைவான பதப்படுத்தாத மனித முடியின் ஏற்றுமதியைத் தடை செய்தது ஒன்றிய அரசுதான். துறைமுகத்தில் காட்டிய அக்கறையை உள்ளூர்க் கடைக்கும் காட்டலாமே. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் தயாரிப்பாளர் முகவரி, எடை, விலை எல்லாம் கேட்கின்றன. முடி எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை.

அந்த விதிகளில் சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். மனித முடி எத்தனை சதவீதம், வேர்-நுனி ஒழுங்குள்ளதா, அமிலக் குளியலும் பூச்சும் உண்டா, முடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பவை அட்டையில் இருக்க வேண்டும். நீளத்தையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். 20 அங்குலம் என்று எழுதிய கட்டில் பாதி முடி 12 அங்குலம்கூட இல்லாமல், நுனி எலிவால் போல இருந்தால் என்ன செய்வது? 'ரெமி', நீளம் சீரான கட்டைக் குறிக்கும் 'டபுள் டிரான்' ஆகிய சொற்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறை தரட்டும். பொய் அட்டை ஒட்டுபவர்மீது நடவடிக்கை எடுக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே போதும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது.

வரைவு அறிவிக்கையை விரைவில் வெளியிட்டு, வியாபாரிகளிடமும் வாங்குபவர்களிடமும் கருத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சவுரி வாங்கும் பெண்களில் ஒருத்தி