அப்பா காலத்து ஆம்ப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி



கோயில்ல மைக், ஒலிபெருக்கி எல்லாம் பார்த்துக்கிறவன்ங்கிறதால வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் என்கிட்ட கேட்பாங்க: "தம்பி, வீட்டுல அப்பா வாங்கின பழைய ஆம்ப்ளிஃபையர் இருக்கு. உள்ளே சாமான்களை மாத்தினா சத்தம் இன்னும் நல்லா வருமாமே, செய்யலாமா?" தனித்தனியா சொன்ன பதிலை இங்கே மொத்தமா எழுதிடறேன். என் கருத்து ஒண்ணுதான். கெட்டதை மாத்துங்க. நல்லா இருக்கிறதைத் தொடாதீங்க.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க அப்பா தோட்டத்துல வேலை செஞ்சு சேர்த்த காசுல வாங்கின ஜப்பான் ஆம்ப் எங்க வீட்டுல இருக்கு. காலையில சீர்காழி, டி.எம்.எஸ்., ஆடி மாசம்னா எல்.ஆர்.ஈஸ்வரி. அந்தச் சத்தத்துலதான் நாங்க எழுந்திருப்போம். அப்பா தவறின பிறகு, வால்யூம் குமிழைத் திருப்பினா கரகரன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான் கோளாறு. நான் சும்மா இருந்தேனா? நாலு வீடியோ பார்த்துட்டு, கோலாலம்பூர் பசார் ரோட்டுக்குப் போய் விலை உயர்ந்த கெப்பாசிட்டரா வாங்கிட்டு வந்து, ஒரே ராத்திரியில எல்லாத்தையும் மாத்தினேன். அதுல ஒண்ணைப் பிளஸ், மைனஸ் மாத்திப் போட்டுட்டேன். சுவிட்சைத் தட்டினதும் "டப்"புன்னு சத்தம், புகை. ஹால்ல இருந்து அம்மா, "அப்பா பெட்டியாய்யா அது?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல.

வலது பக்கம் முழுக்கப் போச்சு. பழுது பார்க்கிற பெரியவர் ஒருத்தர் பல வாரம் எடுத்துத்தான் சரி பண்ணார். அந்தப் பழைய டிரான்சிஸ்டர் இப்போ தயாரிக்கிறது இல்லை, சந்தையில போலியும் நிறைய. ஆரம்பத்துல செய்திருக்க வேண்டிய வேலை என்ன தெரியுமா? வால்யூம் குமிழுக்குள்ள துப்புரவுத் திரவம் அடிச்சு நாலு தடவை திருப்பியிருந்தாலே போதுமாம்.

அப்போ எதை மாத்தலாம்? ஆம்ப்புக்குள்ள நிஜமா வயசாகிறது பெரும்பாலும் உருளை மாதிரி இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள்தான். உள்ளே இருக்கிற ஈரம் வருஷக்கணக்கில காயும். பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு ஒரே இரைச்சல் வந்தா, கரண்டைச் சீராக்குற பெரிய கெப்பாசிட்டர் களைச்சுப் போயிருக்கலாம். மேல்பக்கம் உப்பினாலோ, அடியில கசிஞ்சாலோ சந்தேகமே வேண்டாம். மாத்தும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்கணும். வோல்ட் அளவு அதே, இல்லைன்னா கொஞ்சம் கூட. "பெருசா போட்டா பாஸ் அதிகம் வரும்"னு ரெண்டு மடங்கு போட்டா, சுவிட்ச் போடுற நொடியில பாயுற கரண்ட் கூடி, ஃபியூஸுக்கும் டயோடுக்கும் ஆபத்து. ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டா பாதி நேரம் ரிலே அழுக்காத்தான் இருக்கும். தங்க முலாம் போட்ட சாமான் எதுவும் அதைச் சரிப்படுத்தாது.

இதுல நமக்குப் புரியாதது ஒண்ணும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் செய்யறோம். தேய்ஞ்ச மருந்தை எடுத்துட்டு அஷ்டபந்தனம் புதுசா சாத்தறோம், வர்ணம் பூசறோம். அதுக்காக மூலவரை மாத்தறோமா? பெரியவங்க விட்டுட்டுப் போன பொருளுக்கும் அந்த முறைதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு, உயிர் சம்பந்தப்பட்டது. பத்துமலைக் கோயிலைத் தோற்றுவிச்ச தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் 1894ல மின் ஜெனரேட்டர் வச்சு ஈயச் சுரங்கத்துக்குக் கரண்ட் கொண்டுவந்தது நம்ம ரவாங்லதான். மலாயாவுலேயே முதல்ல கரண்ட் பார்த்த ஊர். நூற்று முப்பது வருஷப் பழக்கம் இருந்தும் நம்ம பையன்கள் வெறுங்கையோட பெட்டியைத் திறக்கிறாங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் தங்கியிருக்கும். சரியான ரெசிஸ்டர் வச்சு அதை இறக்கி, மீட்டர்ல பார்த்த பிறகுதான் கை வைக்கணும். ஸ்க்ரூடிரைவரால உரசிப் பார்க்கிறது வீரம் இல்லை. ஃபியூஸ் அடிக்கடி போனா தடிச்ச கம்பி சுத்தாதீங்க. அது வீட்டையே எரிக்கும். வேலை முடிஞ்சு முதல் தடவை போடும்போது, பழைய 60 வாட் இழை பல்பைத் தொடர்ல போட்டுப் பாருங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு மங்காம நின்னா உள்ளே ஷார்ட். உடனே நிறுத்திடுங்க. அன்னிக்கு எனக்கு இது தெரிஞ்சிருந்தா அப்பா ஆம்ப் தப்பிச்சிருக்கும்.

செலவே இல்லாத ஒரு மேம்பாடும் இருக்கு. நிறைய வீட்டுல ஆம்ப் மேல துணி விரிச்சு, சாமி படமும் பூத்தட்டும் வச்சிருக்கீங்க. பக்தி புரியுது. ஆனா காத்துத் துளை அடைபட்டு உள்ளே வெந்து போகுது. கெப்பாசிட்டர்ல பத்து டிகிரி சூடு குறைஞ்சா அதன் ஆயுள் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். துணியை எடுங்க, சாமியை மேடையில வையுங்க. ஸ்பீக்கரைச் சுவர் மூலையில இருந்து ஓரடி முன்னாடி நகர்த்துங்க. வித்தியாசம் உங்க காதுக்கே தெரியும்.

இப்போ காலையில எங்க வீட்டுல அந்த ஆம்ப் மறுபடியும் பாடுது. உள்ளே என்ன கெப்பாசிட்டர்னு அம்மாவுக்குத் தெரியாது. "உங்க அப்பா போட்ட மாதிரியே இருக்குய்யா"ன்னு மட்டும் ஒரு நாள் சொன்னாங்க. எனக்கு அந்தத் தரம் போதும்.

உங்க வீட்டுப் பெட்டியில சந்தேகம் இருந்தா, திறக்கிறதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு மடப்பள்ளிப் பக்கம் வந்து என்னைப் பாருங்க. என்ன சத்தம் வருதுன்னு ஃபோன்ல பதிவு பண்ணிட்டு வந்தா இன்னும் நல்லது. எல்லாருக்கும் அம்பாள் அருள் கிடைக்கட்டும்.