ஓடும் குதிரையின் உரிமை: பந்தயத்தைப் பற்றி மார்க்கம் கேட்கும் இரண்டு கேள்விகள்



குதிரைப் பந்தயம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் இல்லங்களில் இரண்டு பதில்கள் உடனே வருகின்றன. 'அது சூதாட்டம், ஹராம்' என்பது ஒன்று. 'நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள், அதில் என்ன தவறு?' என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் பாதி உண்மைகள். பணத்தைப் பற்றி மட்டுமே பேசும் இவ்விரு பதில்களிலும் ஓடுகின்ற குதிரைக்கு இடமில்லை. அக்குதிரைக்கும் சேர்த்தே மார்க்கம் பேசியிருக்கிறது என்பதே நாம் இங்கே சொல்ல விரும்புவது.

குதிரை நமக்கு அந்நியமான விலங்கன்று. தமிழ் முஸ்லிம்களுள் ஒரு பெரும் பிரிவினர் தாங்கும் 'இராவுத்தர்' என்ற பெயருக்கே குதிரை வீரர் என்பதுதான் பொருள். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் இறங்கின. அவ்வணிகத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அக்காலத்தில் இப்பகுதியைக் குறித்து எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் இவ்வளவு குதிரைகள் வந்தும் அவற்றைப் பேணத் தெரியாமையால் பெரும்பகுதி இறந்துவிடுகின்றன என்று குறித்திருக்கிறார். விலை கொடுத்து வாங்கத் தெரிந்த அளவுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்ற அந்தக் குறை எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. இன்றும் அது தீர்ந்துவிடவில்லை.

சுன்னத் காட்டும் பந்தயம்

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் நடத்திய பந்தயத்தை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் அச்செய்தி இடம்பெறுகிறது. முறைப்படி பயிற்றுவிக்கப்பட்டு உடல் இறுகிய குதிரைகள் ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை ஓடின. அது ஐந்து அல்லது ஆறு மைல் தொலைவு என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்குகிறார். பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைல் தொலைவே வைக்கப்பட்டது. பந்தயத்தின் எல்லையை முடிவு செய்தது குதிரையின் உடல்நிலை. பார்ப்பவரின் ஆசைக்கோ பணம் வைப்பவரின் தேவைக்கோ அதில் இடமில்லை. 'குதிரைப் பந்தயம் சுன்னத்' என்று சொல்பவர்கள் இந்தச் செய்தியை முழுமையாகச் சொல்ல வேண்டும்.

பந்தயத்தின் மனநிலையையும் நபிகளாரின் வாழ்வே கற்பிக்கிறது. எவராலும் முந்த முடியாதிருந்த அவர்களுடைய 'அள்பா' என்ற ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியது. தோழர்களுக்கு அது வருத்தமளித்தது. நபியவர்களோ, உலகில் உயரும் எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தைக் கூறி அமைதிப்படுத்தினார்கள். அங்கே தோல்விக்காக அடிபட்ட விலங்கு இல்லை. கடனாளியான மனிதனும் இல்லை.

பரிசைப் பொறுத்தவரை மார்க்க அறிஞர்கள் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். ஆட்சியாளரோ மூன்றாம் நபரோ வெற்றியாளருக்குப் பரிசளிப்பது கூடும். போட்டியிடும் இருவரும் பணம் வைத்து, வென்றவர் அனைத்தையும் எடுத்துக்கொள்வது சூது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. போட்டியில் பங்கே பெறாமல் வேலிக்கு வெளியே நின்று பணம் கட்டுபவரின் நிலை இதைவிட வெளிப்படையானது. அத்தியாயம் அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் மதுவோடு சேர்த்துச் சூதாட்டத்தையும் ஷைத்தானின் அருவருப்பான செயல் என்று தடுக்கின்றன.

கிண்டி சொல்லும் பாடம்

நம் மாநிலத்தில் இந்த விவாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னைக் கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பந்தயங்கள் தொடங்கிவிட்டன. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. குதிரைப் பந்தயத்தையும் அதன்மீது பணம் கட்டுவதையும் ஒழிப்பதற்காக 1974இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமல் வழக்கில் நின்றது. 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்த ஆட்டம், எனவே சட்டத்தின் பார்வையில் சூதாட்டமாகாது என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை நாம் சட்டமாக மதிக்கிறோம். ஆயினும் ஒரு செயல் நாட்டுச் சட்டத்தில் குற்றமாகாது என்பதால் மார்க்கத்தில் ஹலாலாகிவிடாது. திறமை என்பது குதிரைக்கும் அதைச் செலுத்துபவருக்கும் உரியது. பணம் கட்டுபவர் அடுத்தவரின் இழப்பிலிருந்தே தம் ஆதாயத்தைப் பெறுகிறார். வரி விதிப்பில் அரசும் இவ்வேறுபாட்டைப் பெரிதாகப் பார்க்கவில்லை. 2023 அக்டோபர் முதல் சூதாட்ட விடுதிகள், பணம் கட்டும் இணைய ஆட்டங்கள் ஆகியவற்றோடு குதிரைப் பந்தயத்துக்கும் சேர்த்து, கட்டும் தொகை முழுவதன்மீதும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி வந்தது. 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடாயிற்று.

2024 செப்டம்பரில் அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்து செய்து, 160 ஏக்கருக்கு மேற்பட்ட அவ்விடத்துக்கு முத்திரை வைத்தது. காரணமாகச் சொல்லப்பட்டது வாடகை பாக்கி. அதன்பின் விவகாரம் நீதிமன்றங்களில் தொடர்ந்தது. இத்தனை ஆண்டு விவாதத்தில் சூது பேசப்பட்டது, நிலம் பேசப்பட்டது, கோடிக்கணக்கான பாக்கி பேசப்பட்டது. லாயத்தில் நின்ற குதிரைகள் எங்கே போகும், அவற்றைப் பராமரித்தே பிழைத்த லாயத் தொழிலாளர் குடும்பங்கள் என்ன செய்யும் என்ற கேள்விகள் ஓரத்திலேயே நின்றன.

அக்கேள்விகளைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு 2025ஆம் ஆண்டு நிகழ்வொன்று சான்று. ஹைதராபாத்திலிருந்து மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூருக்குக் கோடை வெயிலில் 57 குதிரைகள் கொண்டு செல்லப்பட்டன. சில வாரங்களுக்குள் அவற்றுள் பல இறந்தன. வழக்கு அம்மாநில உயர்நீதிமன்றம் வரை சென்றது. பணம் ஈட்டித் தரும் வரை அரச உபசாரம்; பயன் குறைந்ததும் சுமை. இதுவே பந்தயத் தொழிலின் இயல்பான கணக்கு.

பணம் வைக்காவிட்டால் போதுமா?

போதாது என்பதே நம் கருத்து. சூதை நீக்கிய பின்னும் இரண்டாவது கேள்வி நிற்கிறது: அந்த ஓட்டம் விலங்குக்கு அநீதியா?

பந்தயக் குதிரைகள் ஏறத்தாழ ஒன்றரை வயதிலேயே பயிற்சிக்குக் கொண்டுவரப்படுகின்றன; இரண்டு வயதில் களம் இறங்குகின்றன. குதிரையின் முதுகெலும்பு முழுமையாக முதிர்வதற்கு ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடையுள்ள உடல் பாய்ந்தோடும்போது அதன் பாரம் முழுவதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஒற்றைக் காலில் விழுகிறது. கால் முறிந்த குதிரையை நெடுநாள் படுக்க வைத்துக் குணப்படுத்துவது கடினம். எனவே பல நேரங்களில் அதைக் கொன்றுவிடுகிறார்கள். கடும் ஓட்டத்தால் நுரையீரலில் இரத்தம் கசிவதும், நாளெல்லாம் லாயத்தில் அடைபட்டுச் செறிவூட்டிய தீவனம் தின்பதால் வயிற்றுப்புண் உண்டாவதும் பந்தயக் குதிரைகளில் பரவலாகக் காணப்படுபவை. இவற்றோடு சவுக்கடியும் சேர்கிறது.

பசியால் முதுகும் வயிறும் ஒட்டிய ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாய்பேசாத இவ்விலங்குகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். அன்ஸாரித் தோழர் ஒருவரின் ஒட்டகம் கண்ணீர் வடித்தபோது அதைத் தடவிக்கொடுத்து, அதன் உரிமையாளரை அழைத்துக் கண்டித்தார்கள். நின்று பேசிக்கொண்டிருப்பதற்காக விலங்கின் முதுகை மேடையாக்குவதையும் தடுத்தார்கள். அல்ஆதியாத் அத்தியாயத்தில் மூச்சிரைக்கப் பாய்ந்தோடும் குதிரைகள் மீது சத்தியமிடும் இறைவன், அடுத்து மனிதனின் நன்றிகேட்டைப் பேசுகிறான். தன்னைப் பேணியவனுக்காக உயிரைக் கொடுத்து ஓடும் விலங்கையும், தன்னைப் படைத்தவனை மறக்கும் மனிதனையும் அருகருகே நிறுத்தும் அத்தியாயம் அது.

பொம்மிடியில் நாம் செய்யக்கூடியது

சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே இரயில் நிற்கும் சிற்றூர் பொம்மிடி. இங்கே பந்தயத் திடல் இல்லை. எனவே இது சென்னைச் செல்வந்தரின் பிரச்சினை என்று நாம் விலகிவிட முடியுமா? கிண்டிக்குப் போகாமலே பணம் கட்டும் வழி ஒவ்வோர் இளைஞரின் கைப்பேசியிலும் வந்து நிற்கிறது. பிள்ளைகளிடம் 'சூது ஹராம்' என்று சொல்வதோடு நிறுத்தாமல், 'திறமை ஆட்டம்' என்ற பெயரில் வருவதும் அதுவே என்று விளக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு.

அடுத்தது, நம் திருமணங்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென வாடகைக்கு வரும் குதிரையைச் சற்றே கவனியுங்கள். தார்ச்சாலையில் மணிக்கணக்கில் நிற்கிறது. முன்னே பேண்டு வாத்தியம், பின்னே ஜெனரேட்டர், காலடியில் பட்டாசு. அது மிரளாமலிருக்கக் கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கிறார்கள். நபியவர்கள் எளிமையாக்கிய நிகாஹ்வில் இந்தக் காட்சிக்கு எந்த இடமும் இல்லை. ஜமாஅத் நிர்வாகிகள் இதைத் தவிர்க்குமாறு மணவீட்டாருக்கு முன்கூட்டியே எடுத்துச்சொல்லலாம். குதிரைக்காரரின் பிழைப்பு என்ற நியாயமான கேள்வி எழும். அதற்கும் வழியுண்டு: அழைத்தே தீர வேண்டுமெனில் பட்டாசு இல்லாமல், குறைந்த தூரம், குளிர்ந்த நேரம், தண்ணீரும் நிழலும் என்ற நிபந்தனைகளோடு முழுக்கூலி கொடுக்கலாம். சுமையிழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டின் இந்திய விதிகளே, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரையிலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. சித்திரை வெயிலை அறிந்த தருமபுரி மாவட்டத்தாருக்கு இவ்விதியின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, குர்பானி. அறுக்கும்போதும் அழகிய முறையைப் பேண வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், விலங்கை ஆறுதல்படுத்த வேண்டும் என்பது முஸ்லிம் நூலில் வரும் நபிமொழியின் கருத்து. அறுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் அது உரியதன்று. சந்தையிலிருந்து ஆடுகளைக் கால்கட்டி வண்டியில் அடுக்கி வருவதும், தண்ணீரின்றி இரவெல்லாம் கட்டிவைப்பதும், மற்ற ஆடுகளின் கண்ணெதிரே அறுப்பதும் அந்த அறிவுரைக்கு மாறானவை.

அண்டை ஊர்களில் எருது விடும் விழா நடக்கும்போது அதில் விலங்குக்குத் துன்பம் உண்டா என்று நம்மிடையேயும் விவாதிக்கிறோம். பிறருடைய விழாக்களை எடைபோடுவதற்கு முன் நம் ஊர்வலக் குதிரையையும் நம் குர்பானி ஆட்டையும் பார்ப்பதே முறை. நம் வீட்டில் சரியாக இருந்தால்தான் நம் சொல்லுக்கும் மதிப்பிருக்கும்.

எனவே பந்தயம் பற்றிய கேள்வி வரும்போது நம் பதில் இவ்வாறு அமையட்டும்: பயிற்சிக்கும் வலிமைக்குமான ஓட்டத்தை மார்க்கம் அனுமதிக்கிறது, பணயம் வைப்பதைத் தடுக்கிறது, பணயமே இல்லாவிடினும் விலங்கின் தாங்குதிறனை மீறும் எதையும் அது அநீதியாகவே காண்கிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டதற்காக ஒரு பெண் தண்டிக்கப்பட்டதையும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததற்காக ஒரு மனிதர் மன்னிக்கப்பட்டதையும் நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். படித்ததை அவர்கள் நம் வாசலிலும் காண வேண்டும்.

வாயில்லா உயிர்களின் உரிமையை உணர்ந்து நடக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்குவானாக! அல்லாஹ்வே நன்கறிந்தவன்.