பொதுப் பெயரும் தனிப் பொறுப்பும்

கணினிக் கூடத்துக்கு இயந்திரங்களை வழங்குதல் நற்பணி. அவ்வியந்திரங்களில் மாணாக்கர் யார் பெயரால் கோப்புகளைத் திறக்கின்றனர் என வினவுதல் அதனினும் குறைந்த பணியன்று. இதனையே யாம் ஈண்டு வற்புறுத்த விழைகின்றோம்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்போர் தொடக்கிவைத்தது யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை. அதுவும், அதனை ஒட்டி எழுந்த லினக்ஸ் முதலியனவும், ஓர் இயந்திரத்தைப் பலர் பயன்படுத்துதற்கு ஏற்ப அமைந்தவை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஓர் இலக்கமும் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் ஒருவர் உண்டு. கோப்புகள் யாவும் ஒரே மரத்தின் கிளைகளாய் நிற்கும். தொலைவிலுள்ள சேவையகத்தின் கோப்புறையொன்றை வலையமைப்பின் வழியே கொணர்ந்து அம்மரத்திற் பொருத்துதலை 'மவுண்ட்' செய்தல் என்பர். மாமரத்தில் ஒட்டுக் கட்டுதல் போன்றது அது. ஒட்டிய கிளை தாய்மரத்தின் கிளையாகவே தோன்றும். ஆயினும் அதன் காவல் சேவையகத்தின் கையிலேயே உள்ளது.

இடர் பிறப்பது இங்கேதான். விண்டோஸ் முறையிலமைந்த பகிர்வுக் கோப்புறையொன்றை லினக்ஸ் இயந்திரத்திற் பொருத்தும் நிருவாகி, எளிமை கருதி ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுகிறார் எனக் கொள்வோம். பின்னர் அவ்வியந்திரத்தில் முப்பது பேர் பணிசெய்யினும், சேவையகத்துக்கு அம்முப்பதின்மரும் ஒருவரே. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எப்.எஸ். முறையின் குறை வேறுவகையானது. அதன் வழமையான அமைப்பில், பயனரின் இலக்கம் இன்னதென இயந்திரம் கூற, சேவையகம் அதனை அவ்வாறே நம்பும். அனுமதி பெற்ற இயந்திரமொன்றின் நிருவாகியாய் இருப்பவன், பிறனொருவனது இலக்கத்தைத் தனக்கு இட்டுக்கொண்டு அவன் கோப்புகளைத் திறக்கலாம். நிருவாகிக்குரிய 0 என்னும் இலக்கத்தை மதியாது விடும் காப்பு உண்டெனினும், அது ஏனைய இலக்கங்களைத் தடுப்பதில்லை.

மாணவனொருவன் பல வாரம் முயன்று எழுதிய ஒப்படை ஒருநாள் மறைந்துபோமாயின் யாரை வினவுவது? தோன்றா எழுவாயை வினைமுற்றைக் கொண்டு உய்த்துணரலாம் என வகுப்பிற் கற்பிக்கின்றோம். 'கோப்பு அழிக்கப்பட்டது' என்னும் வாக்கியத்திலோ, அழித்தவரை உணர்தற்கு வழியே இல்லை. ஐயம் அனைவர் மேலும் படரும். எதிர்வாதம் செய்யத் தெரியாத எளியவன் மேலேயே அது முதலில் விழும். அறியாமையாற் செய்த தவறும் வேண்டுமென்றே செய்த தீங்கும் வேறுபாடின்றிப் போகும்.

பரிகாரம் இல்லாமலில்லை. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983-இல் தொடங்கிய அதீனாத் திட்டத்திற் பிறந்தது கெர்பரோஸ் என்னும் முறை. அதில் ஒவ்வொருவரும் தம் பெயரில், காலவரையறையுள்ள நுழைவுச்சீட்டைப் பெற்றே சேவையகத்தை அணுகுவர். என்.எப்.எஸ். அதனுடன் இணைந்து இயங்கவல்லது. விண்டோஸ் வகைப் பகிர்வுகளைப் பொருத்துங்காலும், 'மல்ட்டியூசர்' என்னும் தெரிவினால் அவரவர் சான்றைக்கொண்டே அவரவரை அனுமதிக்க இயலும்.

சிறு கல்லூரிக்கு இவை மிகையன்றோ எனச் சிலர் கேட்பர். இம்முறையை அமைத்தற்கு அறிவும் உழைப்பும் வேண்டும் என்பது மெய்யே; கெர்பரோஸுக்கு எல்லா இயந்திரங்களின் கடிகாரங்களும் ஏறத்தாழ ஒத்திருத்தலும் வேண்டும். முழுமையாய் இயலாவிடினும் சிலவற்றை இன்றே செய்யலாம். பாடக் கோப்புகளை வாசிப்பதற்கு மட்டுமென வைக்கலாம். எழுதுதற்குரிய கோப்புறை, அவரவர் உட்புகும்போது அவரவர் கடவுச்சொல்லாற் பொருந்துமாறு செய்யலாம். நிருவாகியின் கடவுச்சொல்லை எவரும் படிக்கக்கூடிய அமைப்புக் கோப்பில் எழுதாது, தாம் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்பில் வைக்கலாம்.

எனவே, இயந்திரம் வழங்கும் பழைய மாணவர்கள், அதனை முறையாய் அமைப்பவரின் உழைப்புக்கும் பொருள் ஒதுக்குவாராக. தன் பெயரால் எழுதவும், எழுதியதற்குத் தானே பொறுப்பேற்கவும் இளைஞரைப் பழக்குதல் கல்வியின் கடமை. கணினிக் கூடமும் கல்விக் கூடமே என்பதை மறவாதிருப்போமாக.